இஸ்திரி சாரின் வெள்ளைச் சட்டை

சார் ஏறுவதற்கு முன் நான் ஓட்டும் ஆபீஸ் ஜீப்பின் இருக்கையில் பழைய செய்தித்தாளை விரித்து, சுருக்கம் நீவி, அதன் மேல்தான் உட்காருவார். தினமும் துடைத்து வைக்கிற எனக்கு இதைவிட அவமானம் வேண்டுமா? "கண்ணாடி மாதிரி தொடச்சு வெச்சிருக்கேன் சார்" என்றால், "உங்க மேல நம்பிக்கை இருக்கு தம்பி. சீட்டு மேலதான் இல்ல" என்பார்.

மானியம் கேட்கும் விவசாயிகளின் வயலை நேரில் பார்த்துச் சான்று தருவது அவர் வேலை. சேற்றோடு புழங்குகிற உத்தியோகத்துக்கு வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை! ஊர் வைத்த பெயர் இஸ்திரி சார். இஸ்திரி போட யாரையும் விடாமல் தானே தேய்த்துக்கொள்வார். "துணி காயப்போட ஆள் வேணும்னுதான் இவரு என்னைக் கட்டிக்கிட்டாரு" என்று அவர் மனைவி என்னிடமே சொல்லியிருக்கிறார். பக்கத்தில் நின்ற சார் காலரை நீவிக்கொண்டிருந்தார்.

ஆனால் அவரை ஏய்க்க முடியாது. பழக்கன்று மானியத்துக்காக ஒருவர் கிளைகளை ஒடித்து வரிசையாக நட்டு வைத்திருந்தார். இவர் இரண்டு விரலால் ஒன்றை உருவி அவர் கையிலேயே கொடுத்தார். "வேர் விட்டதும் சொல்லி அனுப்புங்க, வர்றேன்." அவ்வளவுதான். கத்தினால் சட்டை கசங்கிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

போன வாரம் ஓர் அம்மாவின் வயலுக்குப் போனோம். முதல் விதைப்பு மழையில் அழுகிப்போய், அவர் மறுபடி விதைத்திருந்தார். அதற்கான மானியத்துக்கு அன்றுதான் கடைசி நாள். கைபேசியில் வயலைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். பயிர் தெரியாவிட்டால் தலைமை அலுவலகம் தள்ளிவிடும். வரப்பில் நின்று பார்த்தால் வெறும் ஈர மண். உற்றுப் பார்த்தால்தான் நகக்கண் அளவுக்கு முளை. சார் நாலு பக்கமும் நின்று எடுத்தார். எல்லாவற்றிலும் மண்தான் விழுந்தது.

"இதுவும் இல்லேன்னா நிலத்தை வித்துட்டுப் போக வேண்டியதுதான் சார்" என்றார் அந்த அம்மா. அவர் அழவில்லை. என் வாய் சும்மா இருக்குமா? "பக்கத்து வயல் பச்சைப்பசேல்னு இருக்கு சார். பேசாம அதை எடுத்துட்டா?"

"பக்கத்து வீட்டுப் புள்ளையக் காட்டி நம்ம புள்ளைன்னு சொல்லலாமா தம்பி? இவங்க வயல்லயும்தான் முளைச்சிருக்கே."

சொல்லிக்கொண்டே காலணியைக் கழற்றிவிட்டு இறங்கினார். இரண்டு வரிசைக்கு நடுவே மண்டியிட்டார். பிறகு அப்படியே குப்புறப் படுத்துவிட்டார்! கன்னத்தைச் சேற்றில் பதித்து, கைபேசியைத் தரையோடு தரையாகப் பிடித்துப் படம் எடுத்தார். எழும்போது வழுக்கி, முதுகையும் சேறாக்கிக்கொண்டார்.

திரையை அந்த அம்மாவிடம் காட்டினார். தரைமட்டத்திலிருந்து பார்த்ததில் முளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, வயல் நெடுகப் பச்சைக் கோடுகளாக ஓடின. அந்த அம்மா படத்தையும் வயலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என் வயலா சார் இது?"

"உங்க வயல்தாம்மா. நாமதான் நின்னுக்கிட்டே பாத்துட்டோம்."

படம் போனது. 'பயிர் உள்ளது, ஏற்கப்பட்டது' என்று பதில் வந்த பிறகுதான் அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நானும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜீப்புக்கு வந்ததும் சார் வழக்கம்போலச் செய்தித்தாளை எடுத்தார். ஒற்றைத் தாள் விரிப்பவர் அன்று இரண்டு மடங்காக விரித்தார்.

"உங்க சீட்டு அழுக்காயிடும் தம்பி" என்று சொல்லி, மூலைகளை இழுத்துச் சரிசெய்துவிட்டு மெல்ல ஏறி உட்கார்ந்தார்.