லாபிர் நானா ஏற்றிவந்த பியானோ

கத்தரிக்காய் மூட்டையின் வாயைத் தைப்பதற்கு முன்னால் லாபிர் நானா உள்ளே ஒரு நோட்டீஸைச் செருகுகிறார். சாக்கூசியால் நாலு இழுப்பு, ஒரு முடிச்சு, மூட்டை லொறிக்குள் போகிறது. அடுத்த மூட்டை, அடுத்த நோட்டீஸ். நாவுலச் சந்தையில் காலை ஆறரை மணிக்கு அவர் இப்படி ஜாஸ் கச்சேரிக்கு ஆள் சேர்த்ததை என் கண்ணால் பார்த்தேன். பார்த்ததும் வயிறு எரிந்தது. அந்த நோட்டீஸ் ஐந்நூறையும் மாத்தளையில் என் அச்சகத்தில் அடித்துக் கொடுத்தவன் நான். வழுவழுப்பான தாள், இரண்டு கலர்.

"ஏன் நானா, கத்தரிக்காயா வந்து கச்சேரி கேக்கப் போகுது?" என்றேன்.

"மூட்டையப் பிரிக்கிறவன் மனுசன்தானே தம்பி? கண்டியில பிரிப்பான், கொழும்பில பிரிப்பான். ஒருத்தன் வாசிச்சாலும் போதும்."

வயது ஐம்பத்தாறு. நாவுலயிலும் கலேவெலயிலும் மரக்கறி ஏற்றிப் போய் ஊர் ஊராக இறக்குவது தொழில். முப்பது வருடத்தில் இது மூன்றாவது லொறி. காதில் பென்சில், சட்டைப்பையில் கிராம்பு. பீடியை விட்ட நாளிலிருந்து கிராம்புதான். மெதுவாகப் பேசத் தெரியாது; எஞ்சினுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. பள்ளிவாசலில் அவர் ரகசியம் சொன்னால் மூன்றாவது வரிசை திரும்பிப் பார்க்கும். உலகத்துச் சாமான்களை அவர் வாடுமா வாடாதா என்றுதான் பிரித்து வைத்திருக்கிறார். "பயத்தங்கா ஆறு மணித்தியாலம். கீரை மூணு. பூசணியா? நாம மவுத்தாகிக் குழிக்குள்ள போனாலும் அது வாடாது" என்பார். வாடும் சாமானென்றால் சாக்கைத் தண்ணீரில் முக்கிப் போர்த்துவார். வழியில் ஓடை கண்டால் இறங்கி இன்னும் ஒரு வாளி ஊற்றுவார். அவர் இறக்கும் வெண்டிக்காய் அப்போதுதான் பறித்த மாதிரி இருக்கும் என்று சந்தையில் பெயர்.

இந்த மனிதரை ஜாஸ் பிடித்தது போன ஆகஸ்டில். மாத்தளையில் விஜிதா டீச்சர் என்று ஒருவர் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பிக்கிறவர். நம்முடைய ஊரிலும் நல்ல கச்சேரி நடக்க வேண்டுமென்று ஒற்றைக்காலில் நிற்கிறவர். அவர் மூன்று வாத்தியக்காரரை அழைத்திருந்தார். தம்புள்ளையிலிருந்து வந்த அவர்களுடைய வேன் நாவுலயில் படுத்துவிட்டது. லாபிர் நானா டிரம்ஸையும் ஆளுயர டபுள் பேஸையும் பாகற்காய்க்கு நடுவில் ஏற்றிக்கொண்டுவந்து மண்டபத்தில் இறக்கினார். இறக்கிவிட்டுப் போயிருக்கலாம். கதவோரம் நின்றவர், கச்சேரி முடியும்வரை நின்றார். பாகற்காய் லொறியிலேயே கிடந்து வெம்பியது.

மறுநாள் என் கடைக்கு ஓடிவந்தார். "தம்பி, சந்தையில ரெண்டு பேர் விலை பேசுறதப் பார்த்திருக்கீங்களா? ஒருத்தன் ஒரு விலை செல்றான். மத்தவன் அதக் கேட்டுட்டுத்தான் தன்ட விலையச் செல்றான். எங்க போய் நிக்கும்ண்டு ரெண்டு பேருக்கும் தெரியாது. நேத்து அந்தப் பெரிய வயலின்காரர் ஒரு விலை வச்சாரு பாருங்க! டிரம்ஸ்காரன் சிரிச்சிட்டான். சிரிச்சிட்டு அதுக்கு மேல ஒண்டு வச்சான். வல்லாஹி, ஒடம்பெல்லாம் புல்லரிச்சிட்டு!"

எனக்குப் பாட்டென்றால் பாடகர் வேண்டும், சொல் வேண்டும். ஜாஸைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியதை வாசித்தும் மண்டையில் ஏறாதது, இந்த மரக்கறிக்காரர் சொன்னதும் ஏறியது. பொறாமையாக இருந்தது, மறைப்பானேன்.

அன்றிலிருந்து டீச்சரைவிட இவருக்குத்தான் அவசரம். இந்த வருடம் டீச்சர் மூன்று கச்சேரி வைத்திருக்கிறார். லாபிர் நானா அதை பஸ் கொண்டக்டர் ஊர்ப்பெயர் சொல்கிற மாதிரி ஒரே மூச்சில் ஒப்பிப்பார்: "நோன்புப் பெருநாள் கழிஞ்சு அடுத்த சனி, நோர்வேக்காரி, பியானோ, கூட ரெண்டு பேர், எல்லாம் அவ சொந்தமா எழுதினது! ஏப்ரல்ல, வருசம் பொறந்து, சென்னைக்காரர், சாக்ஸபோன்! மேயில கொழும்புப் புள்ள ஒண்டு, ட்ரம்பெட், இருபத்தாறு வயசாம், மாத்தளைக்கெண்டே புதுசா எழுதுதாம்!" நோட்டீஸில் ஏழு மணி என்று போட வைத்தவரும் அவர்தான். "மஃரிபத் தொழுதிட்டு வந்து குந்தலாமே." இரத்தோட்டை பஸ்ஸில் வந்திறங்கும் தோட்டத்து ஆட்களுக்கு, மிளகு வாங்க வரும் முதலாளிமாருக்கு, பொலிஸ்காரருக்குக்கூட டிக்கட் விற்றார். நமக்கு இதெல்லாம் விளங்காதே என்று யாராவது பின்வாங்கினால் விடமாட்டார். "மழை விளங்கியா நனையிறோம்? வாங்க."

எல்லாம் சரி, பியானோ எங்கே? கச்சேரிக்கு ஆகிற பியானோ டவுனில் ஒன்றும் அகப்படவில்லை. இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பங்களாவில் துரைமார் காலத்துப் பியானோ ஒன்று அலுமாரி மாதிரி நின்றது. மேனேஜர் இரவல் தரச் சம்மதித்தார். யார் கொண்டுவருவது என்று டீச்சர் கேட்டு முடிப்பதற்குள் லாபிர் நானா லொறியைக் கழுவிவிட்டார்.

அது கச்சேரிக்கு முந்திய ஞாயிறு. மண்டையைப் பிளக்கிற வெயில். தோட்டத்து ஆட்கள் எட்டுப் பேர் தூக்கி ஏற்றினார்கள். லாபிர் நானா வளைவுக்கு வளைவு நடை வேகத்தில் இறக்கிக்கொண்டு வந்தார். பின்னால் வந்த பஸ்காரர்கள் ஹோர்ன் அடித்துத் திட்டிய திட்டை எழுத முடியாது. ஆனால் முப்பது வருடப் பழக்கம் சும்மா விடுமா? இத்தனை கிழட்டு மரம், இந்த வெயிலில் வெடித்துவிடாதா? வழியில் ஓடையோரம் நிறுத்தினார். பதினைந்து சணல் சாக்குகளைத் தண்ணீரில் முக்கி, பிழியாமல், பியானோவைத் தலையோடு கால் போர்த்தினார். இரத்தோட்டைச் சந்தியில் மேலும் இரண்டு வாளி. குளிர்ச்சியாக வந்து சேரட்டும் என்று.

திங்கட்கிழமை கண்டியிலிருந்து சுருதி சேர்க்க வந்த இராமசாமி மூடியைத் திறந்தார். நடுவிலே ஏழு கட்டைகள். அழுத்தினால் கீழே போனது போனதுதான், எழும்பவில்லை. உள்ளே கையை விட்டார். விரலை முகர்ந்து பார்த்தார்.

"இதைக் குளிப்பாட்டினது யாருங்க?" என்று கேட்டார்.

மரம் ஊதி ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. தானாகக் காய இரண்டு கிழமை, பதினாலு நாளாவது வேண்டும், பின்னேரம் பின்னேரம் மழை வேறு என்றார். வெயிலில் வைத்தால் வெடிக்கும். வெள்ளிக்கிழமை நோர்வேக்காரி வந்து வாசித்துப் பார்ப்பாள். சரியில்லையென்றால் கச்சேரி கண்டிக்குப் போகும். அங்கே நல்ல பியானோ தயாராக இருந்தது. முதல் கச்சேரியே கைநழுவினால் ஏப்ரலில் யார் நம்பி வருவார்கள், மேயில் யார் வருவார்கள்? டீச்சர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

லாபிர் நானா தலையில் அடித்துக்கொண்டார். "வெண்டிக்காக்குச் செய்யிறதச் செஞ்சிட்டேனே! வாடக்கூடாதுண்டுதானே யா அல்லாஹ் ஊத்தினேன்!" அந்தப் பெரிய தொண்டை கம்மிப் போயிருந்ததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

பியானோவை ஒரு சுற்றுச் சுற்றிவந்து மரத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு சட்டென்று இராமசாமியின் கையைப் பிடித்தார். "ஐயா, எவ்வளவு சூடு தாங்கும்? சரியாச் செல்லுங்க."

"கையை வச்சா எடுக்கத் தோணாத சூடு. அதுக்கு மேல ஒரு பொட்டும் கூடாது."

"அந்தச் சூடு ஈக்கு! மக்கீன் ஹாஜியார்ட ஈக்கு!"

மக்கீன் ஹாஜியார் வாசனைச் சரக்கு வியாபாரி. வீட்டுக்குப் பின்னால் ஏலக்காய் காயவைக்கும் அறை வைத்திருக்கிறார். வெளியே விறகு எரியும், அறைக்குள் புகை வராது, சூடு மட்டும் குழாய் வழியாக மெல்லப் பரவும். ஹாஜியார் முதலில் முகத்தைச் சுளித்தார். பச்சை ஏலக்காய் தட்டுத் தட்டாக உள்ளே இருந்தது. லாபிர் நானா நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். ஹாஜியார் தாடியைத் தடவினார். "ஏலக்கா கெட்டா எனக்கு நட்டம். பியானோ கெட்டா ஊருக்கே வெக்கம். கொண்டு வாங்க, பாதி அறைய ஒதுக்கித் தாறேன். ஆனா அடுப்ப நீங்கதான் பார்த்துக்கணும்."

மூன்று நாள் லாபிர் நானா நாவுலப் பக்கமே போகவில்லை. அடுப்பின் வாயில் ஒரு சின்ன வாங்குப் பலகையைப் போட்டுக் குந்தியிருந்தார். வழக்கத்தில் பாதி நெருப்பு; கொஞ்சம் எழும்பினால் ஒரு விறகை இழுத்துவிடுவார். அரை மணிக்கு ஒரு தடவை உள்ளே போய் மரத்தில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். பிறகு அந்த ஏழு கட்டைகளையும் ஒவ்வொன்றாக அழுத்துவார். மனைவி அம்றா சோற்றுப் பார்சலோடு வந்தவர் என்னிடம் சொன்னார்: "எனக்கு நாலு புள்ள பொறந்திச்சு. ஒண்ணுக்கும் இந்த மனுசன் இப்பிடிக் காவல் இருக்கல்ல."

புதன்கிழமை பகல், என் இயந்திரத்தில் ஒரு கலியாணக் கார்ட் ஓடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. "ஒண்டு எழும்பிட்டு தம்பி! எழும்பிட்டு!" நான் துள்ளிய துள்ளலில் மாப்பிள்ளையின் பெயர் கோணலாக விழுந்தது. போகட்டும். வியாழன் பின்னேரம் அஸர் தொழுகை நேரத்துக்குள் ஆறு எழும்பின. கடைசி ஒன்று சண்டித்தனம் பண்ணி, வெள்ளி காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு எழும்பியது. ஹாஜியார் தன் செலவில் எல்லாருக்கும் தேநீர் கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பியானோ ஏலக்காய் மணத்தோடு மண்டபத்துக்குத் திரும்பியது. இராமசாமி மூன்று மணிவரை குனிந்த தலை நிமிராமல் சுருதி சேர்த்தார். அவர் போனதும் விஜிதா டீச்சர் லாபிர் நானாவை ஒரு மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். "நானா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன், அந்தப் பொண்ணுகிட்ட வாயத் தொறக்காதீங்க. தண்ணி பட்டதுன்னு தெரிஞ்சா அவங்க தொடவே மாட்டாங்க. கச்சேரி கண்டிக்குப் போயிரும்." லாபிர் நானா தலையாட்டினார்.

நாலரைக்கு அவள் வந்தாள். நெட்டையான ஆள், கட்டையாக வெட்டிய மயிர். கூட வந்த இருவர் மேடையில் டிரம்ஸையும் பேஸையும் அடுக்க, அவள் பியானோவின் இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு கட்டையாகத் தொட்டுக்கொண்டு வந்தாள். நடு இடம் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. ஏழும் எழும்பின. வலது ஓரம்வரை போய் முடித்துச் சிரித்தாள். உடனே மூக்கைச் சுருக்கினாள். பியானோவுக்குள் தலையை விட்டு முகர்ந்தாள். டீச்சரிடம் இங்கிலீஷில் கேட்டாள், இது என்ன மணம் என்று.

டீச்சர் சிரித்து, மாத்தளைக் காற்றே இப்படித்தான் என்று சமாளித்தார். அவளும் அப்படியா என்று தலையசைத்தாள். விஷயம் அத்தோடு முடிந்தது. முடிந்திருக்கும்.

லாபிர் நானா செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறினார். டீச்சர் கண்ணைக் காட்டினார், கையைக் காட்டினார். அவர் பார்க்கவேயில்லை. வாத்தியக்காரருக்கென்று வைத்திருந்த தண்ணீர்ப் போத்தல்களில் ஒன்றை எடுத்தார். மூடியைத் திறக்காமலே பியானோவுக்கு மேல் கவிழ்த்துக் காட்டினார். அவள் அலறிக்கொண்டு பாய்ந்து பியானோவை இரண்டு கையாலும் மறைத்தாள். அவர் போத்தலை நிமிர்த்திவிட்டுத் தன் நெஞ்சில் குத்திக் காட்டினார்.

"நான்தான். அவக்கிட்ட செல்லுங்க டீச்சர். நான்தான் ஊத்தினேன், ஹாஜியார்ட அறையில காயவச்சேன்ண்டு செல்லுங்க. வாசிக்கப் போறது அவ. அவளுக்குத் தெரியாம ஈக்கலாமா? நடுவுல ஒரு கட்டை நிண்டுட்டா சபையில தலகுனியிறது யாரு?"

டீச்சர் அழாக் குறையாக மொழிபெயர்த்தார். எனக்கு வந்த கோபத்தில், அரிச்சந்திரனுக்கு வேறு நாளே கிடைக்கவில்லையா என்று முணுமுணுத்தேன். அவள் எல்லாம் கேட்டாள். எங்கெங்கே நனைந்தது என்றாள். அவர் விரலால் காட்டினார்: இங்கே, இங்கே, பின்பக்கம் கொஞ்சம். அவள் தரையில் படுத்து அடியில் புகுந்தாள். லாபிர் நானாவும் பக்கத்தில் படுத்துப் போன் வெளிச்சம் பிடித்தார். பிறகு பின்பலகையைத் திறந்து தட்டினாள், மீண்டும் உட்கார்ந்தாள், அந்த ஏழு கட்டைகளையும் மட்டும் ஐந்து நிமிடம் போட்டு மிதிக்காத குறையாகக் குத்தினாள். ஏழும் சளைக்கவில்லை. எழுந்து முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டு டீச்சரிடம் இரண்டு சொல் சொன்னாள்.

"நாளைக்கு ஏழு மணி. இங்கதான்" என்று டீச்சர் கத்தினார். சங்கீத டீச்சரின் குரல் இரண்டாக உடைந்தது.

அவள் உடனே வாசிக்கத் தொடங்கினாள். பேஸ்காரர் குறுக்கே ஒரு விலை வைத்தார். டிரம்ஸ்காரர் அதற்கு மேலே போனார். எனக்கே, ஆமாம், சொல் இல்லாத பாட்டுக்கு நிற்காத எனக்கே, கால் தரையில் நிற்கவில்லை. நாளைக்கு இந்த மண்டபம் என்ன பாடுபடப் போகிறதோ!

இதையெல்லாம் ரசிக்காமல் இந்த மனிதர் என்ன செய்கிறார் என்று பார்த்தேன். லாபிர் நானா மேடையைச் சுற்றிக் குனிந்து குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார். பேஸ்காரரின் காலடியில் ஒரு போத்தல், டிரம்ஸுக்குப் பின்னால் இரண்டு, அவள் உட்கார்ந்திருந்த வாங்கின்கீழே ஒன்று, தன் கையிலிருந்தது ஒன்று. டிரம்ஸ்காரர் ஒரு கையால் அடித்துக்கொண்டே மற்றக் கையைத் தண்ணீருக்கு நீட்டினார். லாபிர் நானா கொடுக்கவில்லை. ஐந்து போத்தல்களையும் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, வெறுங்காலோடு, வாசலைத் தாண்டி வெளியே நடந்தார்.