பள்ளமே இல்லாத ஆறு

நிலத்தில் விழுகிற மழை எந்த வழியாக ஓடி எந்த ஆற்றில் சேரும் என்று கணினியில் கணக்குப் போட்டுக் காட்டுவது என் தொழில். செருப்பு நனையாமல் ஆற்றில் இறங்குகிற தொழில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதே பிழைப்பில் கிடந்து கண்ணைக் கெடுத்துக்கொள்கிற சகாக்களே, உங்களிடம் புலம்பாமல் யாரிடம் புலம்புவது? சென்னையில் இருக்கும் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்துக்காக ஆரணியில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். போன ஐப்பசியில் என் அக்கா வீட்டுக்காரரைக் கமண்டல நாகநதி இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதற்குக் கொஞ்சம் முன்னும் பின்னும் நடந்தவை இவை.

ஊரே ஒரு கட்டம்

மாமா பட்டுச் சேலை வியாபாரி. தறிக்காரர்களுக்குப் பாவு கொடுத்து, நெய்த சேலையை வாங்கி வருவார். எங்கள் வீட்டுக்கு வந்தால் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் பார்ப்பது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு.

என் கணினிக் கணக்குக்கு மாடல் என்று பெயர்; அதில் பூமியைக் கட்டம் கட்டமாக வெட்டியிருப்போம். ஒரு கட்டத்தில் மண் குடித்தது போக மிஞ்சின தண்ணீர், பக்கத்தில் எந்தக் கட்டம் தாழ்வோ அங்கே போகும். அவ்வளவுதான் சங்கதி. "இதுல என் வீடு எங்க?" என்றார். ஆரணி மொத்தமும் ஒரே கட்டம்தான் என்று காட்டினேன். மனிதர் அதிர்ந்துபோனார்.

"இன்னா மச்சான், நானும் என் பங்காளியும் ஒரே கட்டத்துலயா? நடுவுல ஒரு கோடு போடுப்பா!"

வெயில்

ஆறு அவரை இழுத்துப்போன அன்றைக்கு ஆரணியில் ஒரு சொட்டு மழை இல்லை. ஜவ்வாது மலையில் மட்டும் கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தது. மாடலை ஓட்டிப் பார்த்தால் சாயங்காலத்துக்குள் ஆற்றில் பெருவெள்ளம். மாமா அக்கரையில் சேலை வாங்கப் போயிருந்தார். திரும்பி வர ஆற்றின் குறுக்கே தரைப்பாலம் ஒன்றுதான் குறுக்கு வழி. பதறிப்போய் போன் செய்தேன். பாலத்தில் வராதீர்கள், சுற்றிக்கொண்டு வாருங்கள் என்று கெஞ்சினேன். சிரித்தார். வண்டி பாலத்தின் ஓரக்கல்லில் மாட்டிக் கிடந்ததை மறுநாள் பார்த்தோம். அவர் இல்லை. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு அவர் சொன்னதும்தான்.

"இங்க வெயில் கொளுத்துது மச்சான். ஆத்துல ஆடு மேஞ்சிகினு இருக்குது. உன் கம்ப்யூட்டர்ல வர்ற தண்ணிய நீயே குடி, நான் ஜல்தியா வந்துடறேன்."

ஒரே ஒரு இடம்

தீயணைப்பு நிலையத்து அதிகாரி வீட்டுக்கே வந்தார். என் வேலையைப் பற்றி யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மாமாவின் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்திருந்தாள். அவர் வருவார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. எனக்கு நம்பிக்கையே இல்லை. ஒரே வீட்டில் இரண்டும் இருந்தன.

என் மாடல் சொன்ன கணக்குப்படி, பாலத்தில் விழுந்த எதுவும் செய்யாற்றில் கலந்து எங்கோ போயிருக்க வேண்டும். அதைச் சொன்னேன். அதிகாரி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆறு முழுக்கத் தேட எங்களாண்ட ஆள் இல்ல சார். ஒரே ஒரு எடம் சொல்லுங்க."

நிரப்புதல்

சென்னையில் என்னோடு வேலை பார்க்கும் அம்மணி ஒருவரைக் கூப்பிட்டேன். ஆற்றை மட்டும் பொடிக் கட்டங்களாக ஓட்டிப் பார்க்கிறேன், உதவுங்கள் என்றேன். எடுத்த எடுப்பில், "பள்ளத்தை எல்லாம் நிரப்பிட்டீங்களா?" என்று கேட்டார். உங்களுக்குத் தெரியும், இது நம் தொழிலில் பல் விளக்குகிற மாதிரி. நிலத்தின் மேடுபள்ளத்தைக் காட்டுகிற உயரப் படத்தில் குழி இருந்தால் அதில் விழுந்த தண்ணீர் வெளியேற வழி தெரியாமல் நின்றுவிடும், கணக்கும் நின்றுவிடும். அதனால் எல்லாக் குழியையும் முதலில் மேடாக்கிவிட்டுத்தான் தண்ணீரையே விடுவோம்.

"நிரப்பிட்டேன்" என்று சொல்ல வாயெடுத்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தரைப்பாலத்துக்குக் கீழே, ஆறு ஓடுகிற திசையில், மணல் அள்ளிய பள்ளங்கள் இருக்கின்றன. ஊரே அறிந்த பள்ளங்கள். என் ஆற்றில் அவை ஒன்றுகூட இல்லை. என் ஆற்றில் எவரும் எங்கும் தங்க முடியாது. அம்மணியிடம் அதை ஒப்புக்கொண்டேன். அவர் மெதுவாகச் சொன்னார்.

"நிரப்பாம ஓட்டுங்க. கணக்கு நின்னா நிக்கட்டும். எங்க நிக்குதுன்னு பாருங்க."

விடை

நிரப்பாமல் ஓட்டியதில் கணக்கு நின்ற இடம், பாலத்துக்குக் கீழே முதல் பள்ளம். அதிகாரியிடம் அதைத்தான் சொன்னேன். தண்ணீர் வடிந்த அன்று காலையிலேயே மாமா அங்கே கிடைத்துவிட்டார். அதிகாரி என் தோளைத் தட்டிக்கொடுத்தார். ஊரில் நாலு பேர் படிப்பென்றால் இதுதான் படிப்பு என்றார்கள். எனக்கு அழுகையாக வந்தது. ஆனால் உள்ளுக்குள் ஓர் ஓரத்தில், கணக்குச் சரியாக வந்ததில் ஒரு நிம்மதியும் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

எல்லாம் முடிந்த பிறகு அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.  என்னைப் பார்க்காமலே, கோபமே இல்லாத குரலில் பேசினாள்.

"யார்டா கேட்டா உன்ன? எங்கயோ கரையேறி, வழி தெரியாம வந்துகினு இருக்காருன்னு நெனச்சிகினு இருந்தேனே."

எந்தத் தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம். எப்போது சொல்லாமல் இருக்க வேண்டும் என்பதற்கு இன்னும் யாரும் மாடல் எழுதவில்லை.