லேப்டாப் ரிப்பேருக்குப் போயிருந்தபோது

இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ, ஐப்பசி மாதம். திருவனந்தபுரம் கரமனையில் ஒரு வாடகை வீட்டில் நானும் என் மகளும் மட்டும் இருந்தோம். கணவர் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். ஐப்பசி வந்தால் அந்த ஊரில் சாயங்காலந்தோறும் இடி, வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டுப் போகிற மாதிரி இருக்கும். அப்படி ஒரு இடியில், சார்ஜரில் போட்டிருந்த எங்கள் லேப்டாப் உயிரை விட்டது.

மற்ற வீடுகளில் லேப்டாப் கெட்டால் வேலை கெடும். எங்கள் வீட்டில் அப்பாவும் மகளும் பேசிக்கொள்வதே நின்றுபோனது. என் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அப்போது எட்டு வயது. தினமும் ராத்திரி சாப்பிட்டதும் லேப்டாப்பைத் திறந்து, கேமராவில் அப்பா முகத்தைப் பார்த்துச் சைகையில் பேசுவாள். சத்தமே இல்லாமல் இருவரும் சண்டை போடுவார்கள், சமாதானம் ஆவார்கள், விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நடுவில் எனக்கு இடமே கிடையாது. பாத்திரம் கழுவப் போய்விடுவேன்.

ரிப்பேர் கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, "மதர்போர்டு போயி சேச்சி. கொச்சிக்கு அயக்கணும்" என்றார். கொச்சிக்கு அனுப்பினால் எப்போது திரும்பி வரும் என்று கேட்டால் கையை விரித்தார். பக்கத்து நெட் கஃபேயை எட்டு மணிக்கு மூடிவிடுவார்கள். இவர் வேலை முடிந்து அறைக்கு வருவதே அதற்குப் பிறகுதான். எஸ்.எம்.எஸ். அனுப்பலாம் என்றால் அவள் படித்தது மலையாள எழுத்து, என் போனில் இருந்தது ஆங்கிலம் மட்டும். முதல் நாள் ராத்திரி லேப்டாப் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் நான் ஒப்பாரி வைக்கிற ரகம் இல்லை. சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். தீபாவளிக் கூட்டத்தையே சமாளித்தவளுக்கு இது எம்மாத்திரம்? மறுநாள் முதல் நானே லேப்டாப் ஆனேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு அவள் எதிரே உட்காருவேன். அவர் சொல்வதை அவளுக்குச் சைகையிலும் உதட்டசைவிலும் சொல்வேன். அவள் கையால் சொல்வதை அவருக்கு வாயால் சொல்வேன். சுருக்கிச் சொன்னால் அவள் விடமாட்டாள். அவ்வளவு நேரம் தலையாட்டிக் கேட்டாயே, இவ்வளவுதானா சொன்னார் என்று விரலை அகட்டிக் காட்டிச் சண்டைக்கு வருவாள். நாலைந்து நாளில் கை தேர்ந்துவிட்டேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். ஆனால் அவள் பள்ளியில் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வதும், குரல் கொடுத்துப் பேசிப் பழகுவதும் எல்லாம் மலையாளம். இரண்டு மொழி கலந்தால் பிள்ளை குழம்பிவிடும் என்று அப்போது எங்களிடம் சொல்லியிருந்தார்கள். அதனால் அவளிடம் மலையாளம் மட்டுமே பேசுவோம். அவளுக்கு அவர் அப்பா இல்லை, அச்சன். எங்கள் இருவருக்குள் மட்டும்தான் தமிழ்; போனில் அவள் சொன்னதை அவருக்குச் சொல்வதும் தமிழில்தான். அதில் ஒரு வசதியும் இருந்தது. ஆஸ்பத்திரி விஷயமோ, சொந்தக்காரர்கள் அவளைப் பற்றிச் சொன்னதோ, எதுவானாலும் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தமிழில் பேசிவிடுவோம். அவளுக்கு ஒன்றும் பிடிபடாது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் லீவுக்கு அவர் வருவதாக இருந்தது. அச்சன் வந்து பொன்முடி மலைக்குக் கூட்டிப்போவார் என்று அவள் பள்ளியில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள். ஒரு ராத்திரி அவர் போனில் இழுத்து இழுத்துப் பேசினார். "ஏட்டி, லீவு இல்லன்னுட்டான். இனி மே மாசந்தான். புள்ளைகிட்ட எப்படிச் சொல்ல?"

எனக்குப் பகீர் என்றது. ஆனால் எதிரே அவள் உட்கார்ந்திருக்கிறாள். முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல், சிரித்தபடியே தமிழில் சொன்னேன். "அப்பா வரலன்னு இப்ப அவகிட்ட சொல்லாண்டாம். லேப்டாப் வரட்டும், நீங்களே முகத்தப் பாத்துச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் சமாளிச்சிக்கிடுதேன்."

பிறகு அவள் பக்கம் திரும்பி, அச்சன் உனக்குக் கலர் பென்சில் வாங்கிவைத்திருக்கிறாராம் என்று சைகை காட்டினேன். என் நடிப்பில் எனக்கே திருப்தி.

அவள் என் கையைப் பார்க்கவே இல்லை. என் வாயையே பார்த்தாள். பிறகு பள்ளியில் பழகிய அந்தக் கனத்த குரலில், விட்டு விட்டுச் சொன்னாள்.

"அப்பா... வரல."

அச்சன் என்று சொல்லவில்லை. அப்பா என்றாள். நாங்கள் ஒரு நாளும் சொல்லிக்கொடுக்காத தமிழில்.

போனில் அவர், "ஆரு? பேசினது ஆரு?" என்று பதறினார். "உங்க மவதான்" என்றேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை, அழுதுவிட்டேன். போனை அவள் வாய்க்கு நேராகப் பிடித்தேன். கேமராவில் பேசிய நாட்களில் கையே போதுமாக இருந்தது; அவள் குரலை அவர் கேட்டதே இல்லை. அவள், "அப்பா, எப்ப?" என்றாள். போனைத் திரும்ப என் காதில் வைத்தேன். அவர், "மே மாசம் வந்துருவேன் மக்கா, கண்டிப்பா வந்துருவேன்" என்று அழுதுகொண்டே சொன்னார். நான் அதை ஒரு சொல்கூடக் குறைக்காமல் அவளுக்குச் சொன்னேன், அவர் அழுவதையும் சேர்த்து.

அவளும் அழுதாள். அழுது முடித்ததும், அப்படியானால் பொன்முடிக்கு நீ கூட்டிப்போ என்று எனக்கு உத்தரவு போட்டாள். எப்படித் தமிழ் கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். நீங்கள் இரண்டு பேரும் வாயை வேறு மாதிரி அசைத்துப் பேசினால் அது என்னைப் பற்றித்தான் இருக்கும், அதனால்தான் விடாமல் பார்த்தேன் என்று சைகையில் சொன்னாள். போதாததற்கு, ராத்திரிதோறும் அவள் கையால் சொன்னதையே தமிழில் அவள் கண்ணெதிரே சொல்லிக்காட்டியிருக்கிறேன் நான்!

கிறிஸ்துமஸ் லீவில் இருவரும் பஸ்ஸில் பொன்முடிக்குப் போனோம். வளைவுகளில் வாந்தி எடுத்தது நான், முதுகைத் தடவிவிட்டது அவள். லேப்டாப் அதற்குள் திரும்பி வந்திருந்தது. ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் அவர், "போன்ல கூப்பிடு, அவ சத்தத்தக் கேக்கணும்" என்பார்.

இப்போது அவள் வேலைக்குப் போகிறாள். இன்றைக்கும் வீட்டுக்குக் கெட்ட செய்தி எது வந்தாலும் முதலில் அவளை எதிரே உட்காரவைத்து முழுவதையும் சொல்லிவிடுகிறேன். அதைத் தாங்குகிற தெம்பு என்னைவிட அவளுக்கு அதிகம் என்று அந்த ராத்திரிதான் எனக்குத் தெரிந்தது.