படமே வராத போனில் அவர் பார்த்த கல்யாணம்

எனக்குப் பேய், ஆவி, ஜாதகம் எதிலும் நம்பிக்கை இருந்ததில்லை. கல்யாண வீடியோ எடுப்பவனுக்கு அதெல்லாம் வராது என்றே சொல்லுவேன். மண்டபத்து மூலையில் வெள்ளையாக ஏதோ நிற்கிறது என்று யாராவது பதறிப்போய் வீடியோவைக் கொண்டுவந்து காட்டுவார்கள், பார்த்தால் லென்ஸில் தூசி இருக்கும், இல்லையென்றால் கண்ணாடியில் விழுந்த விளக்காக இருக்கும். இப்போது நான் சொல்லப்போவதையும் நீங்கள் அப்படித்தான் நினைப்பீர்கள், நினைத்துக்கொள்ளுங்கள். இத்தனை நாள் இதை நான் யாரிடமும் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் நம்பமாட்டார்கள் என்பதல்ல. சொன்னால் அதில் நான் செய்த காரியத்தையும் சொல்ல வேண்டியிருக்கும்.

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கொல்கத்தாவுக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. பவானிபூரில் ஒரு சின்ன அறையில் ஸ்டுடியோ. பெங்காலிக் கல்யாணம்தான் அதிகம், நடுநடுவே இங்கேயே மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்களும் கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிட்டவர்தான் விஸ்வநாதன் சார். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் சுபா. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, அதன்பிறகு நுரையீரலும் மோசமாகிப் படுக்கையோடு ஆகிவிட்டார். வீடு பழைய கட்டிடத்தில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. காளிகாட்டில் பிடித்திருந்த கல்யாண மண்டபம் அங்கிருந்து டாக்ஸியில் பத்தே நிமிடம். நாற்காலியோடு தூக்கிப் போகலாமா என்று கேட்டதற்கு டாக்டர் கண்டிப்பாகக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

அதனால் அவர் ஒருவர் மட்டும் படுக்கையிலிருந்தே போனில் பார்க்க லைவ் போடுவது என்று முடிவாயிற்று. சுபா என் ஸ்டுடியோவுக்கே வந்து கேட்டாள். இங்கேயே பிறந்து வளர்ந்த பெண், தமிழில் பாதி பெங்காலி கலந்துதான் பேசுவாள், அப்பாவைக்கூட பாபா என்றுதான் சொல்லுவாள். "அண்ணா, போட்டோ எப்படி வேணும்னாலும் இருக்கட்டும், ஆல்பம் லேட் ஆனாலும் பரவாயில்ல. தாலி கட்டுறத பாபா பாக்கணும். அது ஒண்ணு மட்டும் தப்பக்கூடாது" என்றாள். நான் அந்தச் சின்ன லைவ் கேமராவைக் காட்டி, இது மணவறைக்கு நேரே நிற்கும், தாலி ஏறினதும் இதைப் பார்த்துக் கும்பிடு, அப்பா நேரில் இருக்கிற மாதிரி இருக்கும் என்று சொன்னேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

காலை முகூர்த்தம். மண்டபத்தில் மணவறைப் பக்கத்துத் தூணடியில் இரண்டே பிளக் பாயிண்ட். ஒன்றில் என் பெரிய விளக்கு, இன்னொன்றில் லைவ் கேமராவுக்குக் கரண்டும் நெட்டும் கொடுக்கும் பெட்டி. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தாலியைத் தட்டில் வைத்துப் பெரியவர்களிடம் ஆசீர்வாதத்துக்குக் கொண்டுபோகிறார்கள், அப்போது என் கையிலிருந்த பெரிய கேமராவில் பேட்டரி சிவப்புக் காட்டியது. அடுத்த பேட்டரியைப் போட்டேன், அதுவும் காலி. முதல் நாள் இரவு சார்ஜில் போட்டவன் சுவிட்சைப் போடாமல் விட்டிருக்கிறேன். இனி கேமராவை நேரே பிளக்கில் சொருகினால்தான் ஓடும்.

அந்த நேரத்தில் விளக்கைப் பிடுங்கியிருக்கலாம். வெளிச்சம் கொஞ்சம் குறைந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் தாலி கட்டும் குளோசப் மங்கலாக வந்துவிடுமே, அதை வைத்துத்தானே அடுத்த ஆளிடம் நான் வேலை கேட்க முடியும் என்று புத்தி ஓடியது. குனிந்து லைவ் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினேன். யாராவது பார்த்தார்களா என்று நாலு பக்கமும் பார்த்தேன். எல்லோர் கண்ணும் மணவறை மேல். ஐந்து நிமிடம்தான், தாலி கட்டியதும் மாற்றிவிடலாம் என்று என் கேமராவைச் சொருகிக்கொண்டு முன்னே போனேன்.

அவர் பார்க்க வேண்டிய அந்தத் தாலி கட்டும் நேரத்தில்தான் பெட்டியை அணைக்கிறேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் செய்தேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல முடியாது.

கெட்டிமேளம் முழங்கியது, தாலி ஏறியது. சுபா தலையைத் திருப்பி அந்தச் செத்த கேமராவைப் பார்த்தாள். கையைக் கூப்பினாள். உதடு ஏதோ அசைந்தது. கண்ணீர் வழிந்து கன்னத்து மஞ்சளில் கோடு போட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் முகத்துக்கு ஜூம் போனேன். அவ்வளவு அழகான ஷாட்.

அதன்பிறகு அம்மி, அருந்ததி, ஆசீர்வாதம் என்று ஒன்றின் பின் ஒன்றாக ஓடிவிட்டது. மறுபடி ஒயரைச் சொருகும்போது பெண்ணும் மாப்பிள்ளையும் பந்தியில் உட்கார்ந்தாயிற்று. சுபா இலையிலிருந்து நிமிர்ந்து, "அண்ணா, பாபா பாத்தாரா?" என்று கேட்டாள்.

"எல்லாம் பாத்துட்டார்மா. சூப்பரா போச்சு" என்றேன்.

மத்தியானம் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அவரிடம் ஆசி வாங்கக் கூட்டிப்போனார்கள். அதையும் எடுக்க நான் கூடவே போக வேண்டும். நெட் போய்விட்டது என்று சொல்லலாமா, டவர் கோளாறு என்று சொல்லலாமா என்று அந்த மூன்று மாடியும் படிக்குப் படி ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டே ஏறினேன்.

உள்ளே போனால் அவர் தலையணையில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். மூக்கில் ஆக்சிஜன் குழாய். மகளைப் பார்த்ததும், "மாப்பிள்ளை கை நடுங்கிச்சே, மூணாவது முடிச்சு அவங்க அக்காதானே போட்டா? உன் மாலை தோட்டுல மாட்டிக்கிச்சு, சரோஜா வந்து எடுத்துவிட்டா" என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். சரோஜா அவர் மனைவி. அவர் சொன்ன எல்லாம் நடந்ததுதான். எல்லாம் நான் ஒயரைப் பிடுங்கிய பிறகு நடந்தது.

"நீ என்னைப் பாத்து 'தெரியுதா பாபா'ன்னு கேட்ட. தெரியுதும்மான்னு சொன்னேன்" என்றார்.

சுபா அப்படியே நின்றுவிட்டாள். "அந்த மேளச் சத்தத்துல எனக்கே கேக்கலயே பாபா" என்று சொல்லிவிட்டு அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். எல்லோரும் அழுதார்கள். சரோஜா அம்மா என் கையைப் பிடித்து, "நீங்க நல்லா இருக்கணும் தம்பி" என்றார். நான் கேமராவை முகத்திலிருந்து இறக்கவே இல்லை.

யாராவது தங்கள் போனில் வீடியோ கால் போட்டுக் காட்டியிருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். தண்ணீர் கேட்கிற சாக்கில் சமையலறைக்குப் போய், அவரைப் பார்த்துக்கொள்ளும் பெங்காலி ஆயா மினதி மாஷியிடம் விசாரித்தேன். அந்த அம்மாள் பெங்காலியில் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "நானே உங்களைக் கேக்கணும்னு இருந்தேன். கொஞ்ச நேரம் படம் வந்துச்சு, அப்புறம் போன் முழுக்கக் கறுப்பாயிடுச்சு. சரி பண்ணலாம்னு கையில எடுக்கப் போனா ஐயா கோவப்பட்டார், மறைக்காதேன்னார். அந்தக் கறுப்பையே பாத்துச் சிரிச்சார், அழுதார், கையை உசத்தி ஆசீர்வாதம் பண்ணார். எனக்குப் பயமாப் போச்சு. அம்மாகிட்ட சொல்லாதீங்க." வேறு போன் எதுவும் அந்த அறையில் இல்லை, யாரும் கூப்பிடவும் இல்லை என்றாள்.

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்லுகிறேன், அந்தப் பயத்துக்குள்ளேயும் தப்பித்தோம் என்று ஒரு நிம்மதி இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு அருவருப்பு வருகிறது.

கிளம்பும்போது மற்றவர்கள் முன்னறையில் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் விளக்கை மடக்கிக்கொண்டிருந்தேன். விஸ்வநாதன் சார் கட்டிலிலிருந்து விரலால் கூப்பிட்டார். பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"உங்களையும் பாத்தேன் தம்பி" என்றார்.

நான் அவர் போர்வையை இழுத்துவிட்டேன்.

"தூணுக்குக் கீழ உக்காந்து அந்த ஒயரைப் பிடுங்குனீங்க. யாராவது பாக்குறாங்களான்னு திரும்பிப் பாத்தீங்க. என்னை நேராத்தான் பாத்தீங்க, ஆனா உங்களுக்குத் தெரியல." மூச்சு வாங்கியது, கொஞ்சம் நிறுத்தினார். குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை. "வேலைன்னா ஆயிரம் அவசரம் இருக்கும். சுபாகிட்ட சொல்லாதீங்க, பாவம், அவ மனசு தாங்காது."

மன்னித்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "சரி சார்" என்றுதான் சொன்னேன். விளக்கைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

நான்கு மாதத்தில் அவர் போய்விட்டார். காரியத்துக்கு நான் போகவில்லை, ஹவுராவில் ஒரு வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டேன். அப்படி வேலை எதுவும் இல்லை. கொஞ்ச நாள் கழித்து சுபா போன் செய்தாள். "அண்ணா, பாபா பாத்தாரே அந்த லைவ், அது ரெக்கார்ட் ஆயிருக்கும்ல? எனக்கு அதுதான் வேணும். அவர் பாத்ததையே நானும் பாக்கணும்" என்றாள். அழிந்துவிட்டது என்றேன். பரவாயில்லை அண்ணா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். இன்னும் கல்யாணம் என்று யார் கேட்டாலும் என் நம்பரைத்தான் கொடுக்கிறாளாம்.

அவள் அப்படிக் கேட்ட அன்றுதான் பழைய டிஸ்க்கை எடுத்தேன். மண்டபத்தின் கடைசியில், முழு மேடையும் தெரிகிற மாதிரி ஸ்டாண்டில் ஒரு கேமராவை நிறுத்தியிருந்தேன், அது தன் பாட்டுக்கு எல்லாவற்றையும் எடுத்திருந்தது. தூணடியில் நான் குனிவது தெரிகிறது. ஒயரைப் பிடுங்குகிறேன், திரும்பிப் பார்க்கிறேன். தன்னை நேராகத்தான் பார்த்தேன் என்று அவர் சொன்ன அந்தத் திசையில், இரண்டடி தள்ளி வெறும் தரை. லைவ் கேமரா அங்கே இல்லை, அது மணவறைக்கு நேரே நிற்கிறது. அங்கே ஒன்றுமே இல்லை.

ஆனால் அந்தப் பக்கமாகத் தட்டு எடுத்துக்கொண்டு வருகிறவர்கள், பூக்கூடையோடு போகிறவர்கள், எல்லோரும் அந்த இடம் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு, முதுகை வளைத்து, வேகமாகக் கடக்கிறார்கள். யாரோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது குறுக்கே போக நேர்ந்தால் நாம் எல்லோரும் குனிவோமே, அதேபோல. சுபாவின் சித்தப்பாவிடம் கேட்டுப் பார்த்தேன், அப்படி யாரும் அங்கே நிற்கவில்லையே என்றார். அந்தப் படத்தில் அவரும் இருக்கிறார். அந்த இடத்துக்கு வந்ததும் சட்டென்று நிற்கிறார், தெரியாமல் மறைத்துவிட்டேன் என்பதுபோல் கையைத் தூக்கி, எதிரே யாருமில்லாத இடத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். கொஞ்சம் காத்திருக்கிறார். பிறகு, போகலாம் என்று யாரோ சொன்ன மாதிரித் தலையாட்டிவிட்டுக் கடந்துபோகிறார்.