போடி மாடியில் நான் எறிந்த தாள்

1983 டிசம்பரில், கல்லூரித் தேர்வு முடிந்த மறுநாள் போடிக்குக் கிளம்பினேன். டி.டி.டி., பி.எச்.சி. போன்ற பூச்சிமருந்துகள் எளிதில் அழிவதில்லை. போட்ட இடத்தில் நிற்பதுமில்லை. ஏலமலையில் தூவுவது அடிவார நகரத்தின் காற்றில் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதே நோக்கம். நான் வேதியியல் கற்பிப்பவள். அளக்காமல் எதையும் நம்புவதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

மதுரையில் காலை ஆறு மணி பஸ். தொண்ணூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். மூன்றரை மணி நேரம், எட்டு ரூபாய். காற்றை இழுக்கும் பம்புக்கு லக்கேஜ் இரண்டு ரூபாய். நடத்துநர் அதை மாவரைக்கும் மெஷின் என்று நினைத்தார். நான் திருத்தவில்லை.

கடைத்தெருவில் ஓர் ஏலக்காய்க் கிட்டங்கியின் மொட்டை மாடியில் இடம் கொடுத்தார்கள். பத்தரைக்குப் பம்பை ஓட்டினேன். பன்னிரண்டரைக்குத் திறந்தால், உள்ளே வைத்த வெள்ளை வடிதாள் பழுப்பாகியிருந்தது. மாடியின் மறுகோடியில் ஒரு பெண் காலிச் சாக்குகளைச் சுவரில் அடித்து உதறிக்கொண்டிருந்தார். பெயர் செல்லத்தாயி, நாற்பது வயதிருக்கும். வேறு எங்காவது போய் உதறச் சொன்னேன்.

"எதுக்கு டீச்சரம்மா?"

"ஊர்க் காத்தை அளக்கிறேன். உங்க சாக்குத் தூசி கலந்தா அளவு கெட்டுரும்."

"நானும் ஊருக்குள்ளதான இருக்கேன். என்னைய மட்டும் எதுக்குக் கழிக்கிறீக?" சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. "கீழ காய் பொறுக்குற சோலிக்கு மாத்திவிடுங்கன்னு ரெண்டு மாசமாக் கேக்குறேன். தூசிதானேங்கிறாரு கணக்கப்பிள்ளை. படிச்சவுக நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பாரு."

"தூசின்னா யாருக்கும் இருமல் வரத்தான் செய்யும்" என்றேன்.

அவர் சாக்குகளைச் சுமந்து படியிறங்கினார். நான் தாளைக் கசக்கி எறிந்துவிட்டுப் புதுத் தாள் வைத்தேன். என்ன சாக்கு என்று கேட்கவில்லை.

மறுநாள், மருந்து தூவும் மலைப்பக்கத்தையும் பார்க்கலாமென்று ஏழேகாலுக்குக் குரங்கணி ஜீப். பதினைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரம், மூன்று ரூபாய், பதினான்கு பேர். வழியெல்லாம் ஓடையும் காப்பிச் செடியும் பார்க்க நன்றாக இருந்தன. குரங்கணியில் கோவேறு கழுதைகளிலிருந்து காலிச் சாக்குகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அருகில் போனதும் பி.எச்.சி.யின் பூசண வாடை. ஆய்வகத்தில் இருபது வருடமாக எனக்குப் பழகியது. ஜீப் டிரைவரிடம் கேட்டேன்.

"பூச்சி மருந்துப் பொடிச் சாக்கு அக்கா. எஸ்டேட்டுல தூவிட்டு இறக்குறாக. போடியில ஒதறி வேற லோடுக்குக் கட்டுவாக. கடைத்தெருவுல செல்லத்தாயின்னு ஒரு அக்கா, அதுதான் ஒதறும். பக்கத்துல போனா நமக்கே கிறுகிறுங்கும்."

அந்தச் சாக்குகளோடுதான் அதே ஜீப்பில் திரும்பினேன். எறிந்த தாளைத் தேடினேன். குப்பையைக் காலையிலேயே எரித்திருந்தார்கள். கணக்கப்பிள்ளையிடம் போய், அது வெறும் தூசியல்ல, விஷம், செல்லத்தாயியை மாற்றுங்கள் என்றேன். அவர் எழுந்து நின்று மரியாதையாகக் கேட்டார்.

"எவ்வளவு இருந்துச்சுன்னு எழுதிக் குடுங்க டீச்சர். மொதலாளிகிட்டக் காட்டுறேன்."

"அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுட்டேன்."

"அப்ப அளந்துட்டுச் சொல்லுங்க" என்று உட்கார்ந்துவிட்டார்.

ஜீப்பில் வந்த சாக்குகளைத் தலையில் வைத்தபடி செல்லத்தாயி வாசலில் நின்றிருந்தார். "விடுங்க டீச்சரம்மா. வெரசாப் போங்க, பஸ்சு போயிரும்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சற்று லேசாக இருந்திருக்கும்.

போகிறவர்களுக்கு: குரங்கணி ஜீப் ஆள் நிறைந்தால்தான் கிளம்பும், மாலை நான்குக்குப் பிறகு திரும்ப வண்டி இல்லை. டிசம்பரில் கம்பளி அவசியம். கருவியோடு போகிறவர்கள், அங்கே யார் என்ன வேலை செய்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

நான் வைத்த இரண்டாவது தாளைக் கல்லூரியில் சோதித்தேன். மருந்து மிகக் குறைவு. இரண்டு முறை சரிபார்த்தேன், அளவில் பிழையில்லை. அந்தத் தாள் பம்பில் இருந்தபோது செல்லத்தாயி மாடியில் இல்லை.