பேய்ப்படம் பார்ப்பதில்லை என்று வைத்த நேர்த்தி

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குத் திரைச்சீலைகளை எல்லாம் இழுத்து மூடிவிட்டுப் பேய்ப்படம் பார்த்தவர்கள் எங்கள் கிரவீன் புறநகரில் நாங்கள் இரண்டு பேராகத்தான் இருந்திருப்போம். இரவில் பார்க்க எனக்குத் துணிவில்லை. பகல் என்றாலும் தொடங்குமுன் காஸ் அடுப்பை இரண்டு தரம் பார்ப்பேன். பின்கதவுப் பூட்டை ஆட்டிப் பார்ப்பேன். ஹோலில் இருக்கும் சாமிப் படங்களுக்கு முன்னால் ஒரு வேட்டியைத் தொங்கவிடுவேன். என்னோடு வேலை செய்தவள் சோபாவில் காலை மடித்து இருந்துகொண்டு சிரிப்பாள்.

"பேய் என்னக்கா, பூட்டைத் தொறந்துக்கிட்டா வரப்போகுது?"

"பேய் வராது, கள்ளன் வருவான். நீர் படத்தைப் போடும்."

அவள் மதுரைப் பக்கத்துப் பிள்ளை. என்னைவிடப் பதினொரு வயது இளையவள். செவன் ஹில்ஸில் மருந்துப் போத்தல்களைப் பெட்டியில் அடுக்கும் வேலையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அவள் எம்.காம். முடித்தவள், நான் யாழ்ப்பாணத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவள். அந்த வித்தியாசத்தை அவள் ஒருநாளும் காட்டியதில்லை. அவளுடைய கணவருக்குப் பேய்ப்படம் ஆகாது. அதனால்தான் என் வீடு.

சுப்பர்மார்க்கெட்டில் பூசணிக்காயும் பிளாஸ்டிக் எலும்புக்கூடும் வந்து குவியத் தொடங்கினால் எங்களுக்கும் காலம் தொடங்கிவிடும். ஒக்டோபர் கடைசியில் ஹாலோவீன் வரும்வரை ஒவ்வொரு சனியும் ஒரு படம். ஆங்கிலம் வேகமாகப் போனால் எனக்குப் பிடிபடாது. அவள் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருப்பாள். "இப்ப வரும், கண்ண மூடுங்க" என்றால் மூடுவேன். "போயிருச்சு" என்றால் திறப்பேன். சில வேளை பேய் போகுமுன்பே வேண்டுமென்றே "போயிருச்சு" என்று சொல்லிவிடுவாள். நான் குளறிக் கத்துவேன், பிறகு தலையணையால் அடிப்பேன்.

படம் முடிந்ததும் நூற்றுக்கு மார்க்ஸ் போடுவோம். அவள் பயத்துக்குப் போடுவாள். நான் புத்திக்குப் போடுவேன்.

"முப்பது" என்றேன் ஒருமுறை.

"அய்யோ! அந்தம்மா சீலிங்ல ஊர்ந்து வந்துச்சே, அதுக்கே அம்பது குடுக்கலாம்!"

"அந்த வீட்டை வாங்கேக்கை ஒருத்தரும் நிலவறையைத் திறந்து பார்க்கேல்ல. பிள்ளை குட்டியோட இருக்கிற சனம். அதுக்கு எப்பிடி மார்க்ஸ் போடுறது?"

"முப்பத்தஞ்சாவது போடுங்கக்கா, பாஸாகட்டும். பாவம், கஷ்டப்பட்டு எடுத்திருக்கான்."

போடவில்லை. மூன்று ஒக்டோபரில் என்னிடம் பாஸான படங்கள் நாலோ ஐந்தோதான்.

நாலாவது வருஷம், ஆகஸ்டில், வேலையிடத்தில் சாப்பாட்டு நேரம் சொன்னாள். "மார்புல கட்டிக்கா. ஆபரேஷன் பண்ணணுமாம், அப்புறம் கீமோ." என் தேத்தண்ணி மடியில் ஊற்றுப்பட்டது. அவள்தான் எழும்பிப் போய்த் துண்டு எடுத்து வந்து எனக்குத் துடைத்துவிட்டாள்.

வேலை முடிந்து நேரே கோயிலுக்குப் போனேன். அம்மனுக்கு முன்னால் நின்றபோது, கொடுப்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். சோறு விடலாம், ஆனால் விரதம் பிடிப்பது எனக்குப் பழக்கம், அது ஒரு கஷ்டமே இல்லை. மனதுக்கு உண்மையில் பிடித்த ஒன்றை அல்லவா கொடுக்க வேண்டும்? வருஷம் முழுக்க நான் காத்திருந்தது அந்தச் சனிக்கிழமைகளுக்குத்தான். சாவைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து நாங்களே அதை வீட்டுக்குள் கூப்பிட்டுவிட்டோமோ என்ற பயமும் உள்ளே இருந்தது. "அவவுக்குச் சுகம் வரும்வரைக்கும் பேய்ப்படம் பார்க்க மாட்டன் தாயே" என்று நேர்ந்துகொண்டேன். வைத்த நேர்த்திக்கடனை வெளியே சொன்னால் பலிக்காது என்பார் என் அம்மா. ஆகவே யாருக்கும் சொல்லவில்லை. அவளுக்குக்கூட.

ஒக்டோபர் பிறந்ததும் அவள் போன் எடுத்தாள். "சனிக்கிழமை வரட்டுமாக்கா? மொத கீமோ முடிஞ்சு அஞ்சு நாள் ஆயிடும். நான் படுத்துக்கிட்டே பாத்துக்கிறேன்."

"இந்த முறை வேண்டாம் பிள்ளை."

"ஏன்?"

"வீட்டில கொஞ்சம் வேலை கிடக்கு."

எனக்குப் பொய் சொல்ல வராது. அது அவளுக்கும் தெரியும். "சரிக்கா" என்று வைத்துவிட்டாள்.

சாப்பாடு கொண்டு போகாமல் விடவில்லை. மெரிலேண்ட்ஸில் இருந்த அவர்களுடைய ஃபிளாட்டுக்குக் கஞ்சியும் ரசமும் கட்டிக்கொண்டு வாரத்தில் இரண்டு நாள் போவேன். ஒருநாள் நான் பாத்திரத்தைத் திறந்து ஊற்றிக்கொண்டிருக்க, அவள் டிவியைப் போட்டாள். பழைய மரவீடு, மழை, கதவு தானாகத் திறக்கிறது. நான் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டுக் கைப்பையை எடுத்தேன்.

"உக்காருங்கக்கா. பாதி மட்டும் பாருங்க."

"இல்லை, நேரம் போச்சு, நான் போட்டு வாறன்."

அவள் தலையில் கட்டியிருந்த துணியைக் கழற்றினாள். மயிர் ஒன்றும் இல்லை. "நானே பேய் மாதிரி இருக்கேன்னு பயமாக்கா?" என்று சிரித்தாள். நகைச்சுவையாகத்தான் கேட்டாள். ஆனால் சிரிப்பு முடிந்த பிறகும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கதை கதைக்கிறீர்" என்றேன். கைப்பையைத் தோளில் மாட்டினேன். காரணத்தைச் சொன்னால் நேர்த்தி உடைந்துவிடும், உடைந்தால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற ஒரே நினைப்பு. பஸ்ஸில் அழுதுகொண்டு வந்தேன்.

அதன்பிறகு அவள் என்னைக் கூப்பிடவில்லை. தனியாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் எழுதுவாள்: "அறுபத்தி ரெண்டு. நீங்க இருந்திருந்தா நாப்பதுதான் போட்டிருப்பீங்க." நான் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்புவேன். என்ன எழுதினாலும் உண்மை வெளியே வந்துவிடும் என்று பயம். ஹாலோவீன் அன்று வந்தது ஒரு எண் மட்டும்தான்: "எழுபது." எந்தப் படம் என்று அவள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

கீமோவுக்கும் நோய் கேட்கவில்லை. பெப்ரவரியில் போய்விட்டாள்.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு அவளுடைய கணவர் என் பாத்திரங்களைக் கழுவித் துடைத்து ஒரு பையில் கொண்டு வந்தார். தேத்தண்ணி கொடுத்துவிட்டு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோயில், நேர்த்தி, ஏன் எழும்பிப் போனேன் என்பது. இனி மறைத்து என்ன காப்பாற்ற இருக்கிறது?

அவர் கோப்பையை மேசையில் வைத்தார். "சொல்லியிருக்கலாமேக்கா" என்றார். "சொல்லியிருந்தா சிரிச்சிருப்பா. 'லூசாக்கா நீங்க'ன்னு கேட்டுட்டு அவளே டிவிய ஆஃப் பண்ணிட்டு உங்ககூட சும்மா பேசிட்டு இருந்திருப்பா."

இது எனக்குத் தோன்றவே இல்லை. படம் இல்லாமலும் நான் அந்தச் சோபாவில் இருந்திருக்கலாம். டிவியை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். காரணம் சொல்லாமலே கேட்டிருக்கலாம்.

"நான் தன்னைப் பார்க்கப் பயந்து ஓடுறன் எண்டு நினைச்சவவோ?" என்று கேட்டேன்.

அவருக்கும் பொய் சொல்ல வராது. "மொதல்ல அப்படித்தான் நெனச்சாக்கா. ரெண்டு மூணு தடவ எங்கிட்ட கேட்டா, நான் அக்காவ ஏதாச்சும் தப்பா பேசிட்டேனான்னு. அப்புறம் அதப் பத்திப் பேசல."

பேசாமல் விட்டது எனக்கு ஒரு காரணம் இருக்கும் என்று விளங்கியதாலா, மனம் விட்டுப் போனதாலா என்று கேட்டேன். அவர் தெரியாது என்றார். பையில் இருந்து பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்துவிட்டு, மூடி ஒன்று குறைகிறது, தேடிப் பார்த்துக் கொண்டுவந்து தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன்.