வெள்ளியங்கிரி கழுவிய தொட்டி

ஆஸ்டினை ஒட்டிய ரவுண்ட் ராக்கில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில், இயந்திரங்களைக் குளிர்விக்கும் குழாய்களில் ஒரு சொட்டு கசிந்தாலும் கண்டுபிடிப்பதுதான் வெள்ளியங்கிரியின் வேலை. பத்தொன்பது வருடமாக அதற்குத்தான் சம்பளம். அப்படிப்பட்டவருடைய சொந்த ஆர்.வி.யில், அதாவது படுக்கையும் பாத்ரூமும் உள்ள பயண வண்டியில், பாத்ரூம் தரை நனைந்துபோனது. மற்றவர்கள் சிரிப்பதற்கு முன்னால் தானே முந்திக்கொண்டு ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்துவிட்டார்.

அந்த வண்டியை வாங்கியது மட்டும் சிரிப்பதற்காக அல்ல. மனைவி புஷ்பவல்லிக்கு ரத்த அழுத்த மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டால் முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை பாத்ரூம் போயாக வேண்டும். ஃப்ரீவே ஓரத்துக் கழிப்பறைகளில் அவள் கால் வைக்கமாட்டாள். ஆறு வருடமாக ஆஸ்டினைத் தாண்டியதில்லை. ஒருநாள் டிவியில் நியூ மெக்ஸிகோவின் வெள்ளை மணல்மேடுகளைக் காட்டினார்கள். "இதெல்லாம் நமக்கெங்கீங்க" என்று அவள் சேனலை மாற்றினாள். அந்த ரிமோட் சத்தம் அவர் நெஞ்சில் போய்த் தைத்தது. அடுத்த மாதமே ஒரு பழைய ஆர்.வி.யை வாங்கிவிட்டார்.

முதல் பயணத்திலேயே சுவருக்குள்ளிருந்து தண்ணீர் கசிந்தது. இன்னொரு தடவை தரை நனைந்தால் வண்டியை விற்றுவிட வேண்டும் என்று புஷ்பவல்லி சொன்னாள். கோபமில்லாமல் சொன்னாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

டாய்லெட்டுக்கு அடியில் இருக்கும் கழிவுத் தொட்டியைக் கழுவ வண்டிக்கு வெளியே ஒரு வாய் உண்டு. அதில் ஹோஸை மாட்டினால் தண்ணீர் சுவருக்குள் ஏறி, ஒரு சின்ன பிளாஸ்டிக் வால்வைக் கடந்து, தொட்டிக்குள் பீய்ச்சியடிக்கும். அழுக்குத் தண்ணீர் திரும்பி வராமல் தடுப்பது அந்த வால்வு. ஜனவரிக் குளிரில் அதற்குள் நின்ற தண்ணீர் உறைந்து, வால்வு விரிசல் விட்டிருந்தது. குளிருக்கு முன் தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்று வெள்ளியங்கிரிக்குத் தெரியும். மூன்று பக்கத்துக்கு நோட்ஸே எழுதி வைத்திருந்தார். வடிக்கத்தான் மறந்துபோனார்.

சனிக்கிழமை, வண்டி நிறுத்தும் இடத்திலேயே சுவர்ப் பலகையைக் கழற்றிப் புது வால்வை மாட்டினார். மறுநாள் காலை மணல்மேட்டுக்குப் பயணம். உள்ளே புஷ்பவல்லி ஊறுகாய் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

கழுவும்போது தொட்டியின் வடிகாலைத் திறந்தே வைக்கவும் என்று வண்டியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. குடம் கழுவிப் பழகாதவர்கள் எழுதியது என்று நினைத்துக்கொண்டார். நிரப்பி, ஊறவிட்டு, ஒரே மூச்சில் கொட்டினால்தானே அழுக்குப் போகும்? வடிகாலை மூடிவிட்டுக் குழாயைத் திறந்தார். ஐந்தே நிமிடம் என்று கணக்கு.

அப்போது ஆபீஸிலிருந்து அவருடைய ஜூனியர் நவநீத் போனில் கூப்பிட்டான். குழாய்ச் சோதனையில் ஒரு படியை விட்டுவிடலாமா என்று கேட்டான். வெள்ளியங்கிரிக்கு உபதேசம் என்றால் சர்க்கரைப் பொங்கல். இருபது நிமிடம் ஓடியது.

"தண்ணியைத் திறக்கறதுக்கு முன்னாடி, அது வெளிய போற வழி திறந்திருக்கான்னு பாக்கணும்ப்பா. இதைக்கூடவா நான் சொல்லணும்?"

உள்ளேயிருந்து நிதானமாக ஒரு குரல் வந்தது. "ஏனுங்க, டாய்லெட் பொங்குதுங்க."

ஓடிப்போய்க் குழாயை மூடி, வடிகாலைத் திறந்தார். பாத்ரூம் தரையெல்லாம் தண்ணீர். ஒரு கையில் ஊறுகாய் பாட்டிலோடு புஷ்பவல்லி நின்றிருந்தாள். அவர் கண்முன்னால் வெள்ளை மணல்மேடுகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன.

"வித்துப்போடலாம் புஷ்பா" என்றார்.

அவள் சுவர்ப் பலகையை நகர்த்தி, உள்ளே கையை விட்டு, புது வால்வைச் சுற்றிலும் டிஷ்யூவால் துடைத்துப் பார்த்தாள். டிஷ்யூ காய்ந்தே இருந்தது.

"வால்வு ஒழுகலீங்க. கோளாறு உங்களுதுதான்" என்றாள். "உங்களை எங்கீங்க கொண்டுபோய் விக்கறது?"

பிளீச் ஊற்றி மூன்று தடவை தரையைத் துடைத்தார். மறுநாள் சொன்ன நேரத்துக்குக் கிளம்பினார்கள்.

அன்றிலிருந்து குழாய் புஷ்பவல்லியின் கையில். அவர் வடிகாலைத் திறந்துவிட்டு, ஸ்டிக்கரைத் தலைப்பிலிருந்து கடைசி வரி வரைக்கும் உரக்கப் படிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அவள் தண்ணீரைத் திறப்பாள். மணல்மேட்டைப் பார்த்துவிட்டு வந்த மாலை, பக்கத்து ஊரான அலமகோர்டோவில் ஆர்.வி.கள் தங்கும் முகாமில் அவர் நிமிர்ந்து நின்று படித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வண்டிக்காரர் அதை ஏதோ பிரார்த்தனை என்று நினைத்து மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார்.

வெள்ளியங்கிரி அவரைத் திருத்தவில்லை. ஸ்டிக்கரில் இன்னும் இரண்டு வரி பாக்கியிருந்தது.